கடலை மிட்டாய் கம்பெனிக்கு ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய் கம்பெனிக்குக் களப்பயணம் போக ஏற்பாடு செய்திருக்கிறேன். முதலாளி சம்மதித்து, ஆளுக்கு ஒரு பாக்கெட் மிட்டாய் தருவதாகவும் சொல்லிவிட்டார். ஆனால் தலைமை ஆசிரியர், "அடுப்பு எரியிற இடம், ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று தயங்குகிறார். ஒரு பிள்ளையின் அப்பா, "என்ன கலர் போடுறாங்களோ தெரியாது, பல்லு வேற சொத்தையாகும், இதைப் பள்ளிக்கூடமே கூட்டிட்டுப் போய்த் திங்க வைக்கணுமா?" என்று சண்டைக்கு வருகிறார். அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதிலும் எனக்குத் தெளிவு இல்லை. இன்னொன்று, வகுப்பில் ஒரு பையனுக்குப் போன வருடம் கடலை உருண்டை தின்றதும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்து ஊசி போட வேண்டியதாயிற்று. "ஓரமா நிக்க வச்சா ஒண்ணும் ஆகாது" என்கிறார் அவன் அம்மா. அவனை மட்டும் அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிடலாமா?

பதில்:

டீச்சர், வணக்கம்.

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடைசியில் போகிற போக்கில் சேர்த்ததுபோல அந்தப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும். அதற்கு என்ன பதில் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் கோவில்பட்டியா வேறு ஊரா என்பதே முடிவாகும்.

அவனை லீவு போடச் சொல்லாதீர்கள். 37 பேர் வேனில் ஏறிப் போய்விட்டு மறுநாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும், பத்து வயதில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதற்காக அவன் அம்மா சொல்வதை நம்பி ஓரமாக நிற்க வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நான் மருத்துவர் இல்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்து, மிட்டாய் பிஸ்கட் கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சின்ன யூனிட்டுகளுக்கு லைசென்ஸ், லேபிள், சுத்தம் பற்றி ஆலோசனை சொல்கிறேன். அதனால் அவன் உடம்பைப் பற்றி எனக்குப் பேசத் தகுதி இல்லை, ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கும் என்று தெரியும். கடலையை வறுத்து, ஆறவைத்து, தேய்த்துத் தோலை ஊதித் தள்ளுகிற இடத்தில் செந்நிறத் தூசி பறந்துகொண்டே இருக்கும், அது மேஜை, கதவுக் கைப்பிடி, அட்டைப்பெட்டி, வேலை செய்கிறவர்கள் சட்டை என்று எல்லாவற்றிலும் படியும். கடலை ஒவ்வாமையில் பெரிய ஆபத்து பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு மணி நேரம் நின்ற பிள்ளை கையை வாயில் வைக்காமல், கண்ணைக் கசக்காமல் இருக்கும் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? அப்புறம் திரும்பி வரும்போது வேனில் 37 பாக்கெட் பிரியும், அந்தச் சீட்டு, அந்தக் கைகள், பகிர்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டில்... கம்பெனியைவிட எனக்கு அந்த வேன்தான் பயமாக இருக்கிறது.

போன தடவை வீக்கத்தோடும் தடிப்போடும் நின்றதால் அடுத்த தடவையும் அதோடு நிற்கும் என்று கணக்குப் போட முடியாது. ஒரு தடவை தடிப்போடு போனது இன்னொரு தடவை மூச்சுத் திணறலாக வரலாம். அப்படி வந்தால் உடனே போட வேண்டியது அட்ரினலின் ஊசி. சில நாடுகளில் அதைப் பேனா மாதிரி செய்து பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்கிறார்கள், நம் ஊர் மருந்துக் கடையில் அது சாதாரணமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. ஆகவே போன வருடம் ஊசி போட்ட டாக்டரிடமோ, ஒரு குழந்தை மருத்துவரிடமோ அவன் பெற்றோரைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வறுத்த கடலைத் தூசி இருக்கிற இடம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வரட்டும்.

டாக்டர் வேண்டாம் என்றால் இடத்தை மாற்றுங்கள். பையனை மாற்றாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது, பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பாலும் சீனியும்தான் சரக்கு, பால் சுண்டச் சுண்ட என்ன ஆகிறது என்று பார்ப்பதும் நல்ல பாடம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அதே கூடத்தில், அதே பாத்திரத்தில் கடலை, முந்திரி போட்ட சரக்கும் செய்கிறார்களா என்று. இவ்வளவு தூரம் எதற்கு, சாத்தூரிலேயே கருப்பட்டி மிட்டாய் போடுகிறார்களே என்று தோன்றும். அதில் கடலை கிடையாது, சரி. ஆனால் அரிசி உளுந்து மாவைப் பிழிந்து பொரிக்கிற எண்ணெய் என்ன எண்ணெய்? செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் என்றால் அதில் கடலையின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், ஒவ்வாமை தருவது அந்தப் புரதம்தான். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய இருக்காது. யாரும் கேட்காத கேள்வி என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டால், வறுக்கிற, தோல் ஊதுகிற பகுதிக்கு அவனைக் கூட்டிப் போகாமல், பாகு காய்ச்சுவதைத் தள்ளி நின்று பார்க்க வைத்து, பக்கத்திலேயே ஒரு பெரியவரை, முடிந்தால் அவன் அம்மாவையே, இருக்கச் செய்யுங்கள். வேனில் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது, கம்பெனியை விட்டு வெளியே வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கடலைப் புரதத்தைப் போக்காது, சோப்பும் தண்ணீரும்தான் போக்கும். கோவில்பட்டியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, கம்பெனியிலிருந்து அங்கே போகிற வழியை வேன் டிரைவர் முன்னாடியே தெரிந்து வைத்திருக்கட்டும், 108-ஐ யார் கூப்பிடுவது என்பதும் முன்னாடியே முடிவாகியிருக்கட்டும்.

இனி அடுப்பு. உங்கள் தலைமை ஆசிரியர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுப்பு என்று பொதுவாகப் பயந்தால் எந்தப் பாதுகாப்பும் வராது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிய வேண்டும். பயப்பட வேண்டியது நெருப்புக்கு இல்லை, பாகுக்கு.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் சூடாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். வெல்லத் தண்ணீரில் விஷயம் வேறு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி வெளியே போகப் போக, மிச்சமிருக்கிற பாகின் சூடு 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். 115-ஐ ஒட்டி விரலால் மெதுவாக உருட்டுகிற பதம், 125 வாக்கில் கெட்டியான உருட்டுப் பதம், கடலை மிட்டாய்க்கு வேண்டிய, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு ஒடித்தால் டக்கென்று முறிகிற பதத்துக்கு 145, 150 வரைக்கும் போக வேண்டும். கொதிக்கிற தண்ணீர் மேலே பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது, பட்ட இடத்தில் அப்பிக்கொண்டு தன் சூடு முழுவதையும் அந்த இடத்திலேயே இறக்கும். எங்கள் தொழிலில் வரும் தீக்காயங்களில் ரொம்ப மோசமானது இதுதான்.

அதிலும் ஆபத்தான நேரம் பாகு அடுப்பில் இருக்கும்போது இல்லை, இறக்கித் தூக்கிக்கொண்டு வரும்போது. பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, கட்டையிலோ தட்டிலோ ஊற்றி, உருளையை ஓட்டிச் சமப்படுத்தி, இறுகுவதற்குள் கத்தி போட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்பதால் மாஸ்டர் நடக்க மாட்டார், ஓடுவார், நின்று "தம்பி, கொஞ்சம் தள்ளு" என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. அதனால் அடுப்பிலிருந்து ஊற்றுகிற மேஜை வரைக்கும் இருக்கிற அந்தப் பாதையில் ஒரு பிள்ளையும் குறுக்கே வரக் கூடாது. நீங்கள் முதல் நாளே போய் அந்தப் பாதையைப் பார்த்து, அதற்குப் பத்தடி தள்ளி சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுங்கள், கோட்டைத் தாண்டினால் வேனில் போய் உட்கார வேண்டும் என்பது சட்டம். கயிறு கட்டுவதைவிடக் கோடு நல்லது, கயிற்றைப் பிடித்து ஆட்டுவார்கள்.

38 பேரையும் ஒன்றாக உள்ளே விடாதீர்கள். பத்துப் பத்துப் பேராக, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர், ஒரு குழு பாகைப் பார்க்கும்போது மற்றவர்கள் பாக்கெட் போடுகிற இடத்திலோ வெளியே மரத்தடியிலோ இருக்கட்டும். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையை வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள், வறுக்கிற டிரம்மும் ஊதுகிற மெஷினும் பெல்ட் போட்டு ஓடுபவை, தொங்குகிற நாடா அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும், காலில் வாரோடு கூடிய செருப்போ ஷூவோ இருக்க வேண்டும், பாகு சிந்திய தரை வழுக்கும்.

ஒருவேளை யார் மேலாவது பட்டுவிட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். ஒட்டியிருக்கிற பாகைப் பிய்க்காதீர்கள், தோலோடு வரும், தண்ணீரிலேயே கரையட்டும். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம், யாராவது பெரியவர் எங்கிருந்தாவது பற்பசையோடு ஓடி வருவார், அவரைத் தடுப்பதும் முதலுதவிதான். கம்பெனிக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், குழாயே இல்லாமல் டிரம்மில் மொண்டு ஊற்றுகிற இடமாக இருந்தால் நான் அந்த யூனிட்டையே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் போகாதீர்கள். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும், முதலாளி வாய் நிறையச் சிரித்தாலும் உள்ளே வேலை செய்கிறவர்களுக்குப் பிள்ளைகள் தொந்தரவுதான். பாகு காய்ச்சுவது எந்த நேரம் என்று கேட்டுக்கொண்டு போங்கள், பல இடங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள், பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைத்தான் பார்க்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை எந்தப் பள்ளிக்கூடமும் யோசிப்பதில்லை. நீங்கள் கம்பெனியால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள், நான் கம்பெனிக்குப் பிள்ளைகளால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டியவன். சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருக்கிற பிள்ளை அன்றைக்கு உள்ளே வரக் கூடாது, மற்றவர்களும் உள்ளே நுழையும்போதும் கை கழுவ வேண்டும், தட்டில் ஆறிக்கொண்டிருக்கிற மிட்டாயைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் அதைச் சூடாக்கப் போவதில்லை, நேராக யாரோ ஒருவர் வாய்க்குப் போகப் போகிறது. இதைப் பிள்ளைகளிடம் இப்படியே சொன்னால் புரிந்துகொள்வார்கள், நான் பார்த்தவரை பெரியவர்களைவிட நன்றாகவே.

சண்டைக்கு வருகிற அப்பாவுக்கு வருகிறேன். அவர் கேட்பதில் பாதி சரி, அதை முதலில் அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள், பேச்சு சுலபமாகும்.

கலர் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி இருப்பதைக் கண்டுபிடித்து முதலில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் அதை விற்கத் தடை போட்டார்கள். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம், சாப்பாட்டில் எந்த அளவிலும் சேர்க்கக் கூடாது. ஆனால் கடலை மிட்டாயின் நிறம் வெல்லத்தின் நிறம், அதற்குத் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. நிறம் போடுகிற ஒரே பொருள் மேலே தூவுகிற தேங்காய்த் துருவல், அந்த ரோஸ், பச்சை, மஞ்சள். அந்தக் கலர்ப் பொடியின் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். உணவுக்கான நிறம் என்று அச்சிட்டு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். டப்பாவைக் காட்டத் தயங்கினால், அல்லது லேபிள் இல்லாத பொட்டலமாக இருந்தால், வேறு கம்பெனி பாருங்கள். அந்த அப்பாவையே உங்களோடு முன்கூட்டி ஒருநாள் கூட்டிப் போய் அவரே கேட்கும்படி செய்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு ஒரு குழுவுக்குப் பொறுப்பாளரும் கிடைத்துவிடுவார்.

நிறம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வெல்லத்தைக் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். பளீரென்று மஞ்சளாக இருக்கிற வெல்லம்தான் சுத்தம் என்று வாங்குகிறோம். அந்தப் பளீர் நிறத்துக்காகவே காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்கிற வெளுக்கிற ரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கறுத்த, அழுக்கு மாதிரி தெரிகிற வெல்லத்தைப் பயன்படுத்துகிற முதலாளியை நான் கூடுதலாக நம்புவேன்.

பல் விஷயத்தில் அந்த அப்பா சொல்வது முழுக்கச் சரி. வெல்லம் என்பதால் ஆரோக்கியம் என்று பேசாதீர்கள், வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரைதான், பல்லில் இருக்கிற கிருமிக்கு வெல்லமா சீனியா என்கிற பேதம் கிடையாது, ஒட்டிக்கொள்கிற மிட்டாய் என்பதால் அதற்கு இன்னும் வசதி. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது வெல்லத்துக்கும் சேர்த்துத்தான். கடலை இருப்பதால் வெறும் சர்க்கரை மிட்டாயைவிட மேல், புரதமும் கொழுப்பும் கொஞ்சம் சேர்கிறது, அவ்வளவே. அதனால் முதலாளியிடம் பாக்கெட் வேண்டாம், ஆளுக்கு ஒரு துண்டு போதும் என்று சொல்லிவிடுங்கள். அதையும் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வாய் கொப்பளிக்கட்டும். பாக்கெட் வீட்டுக்குப் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் தம்பி, தங்கை இருப்பார்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும், அக்கா ஆசையாக ஊட்டியதாகத்தான் இருக்கும் அது. அப்புறம், அங்கே கடை இருக்கிறதே, காசு கொண்டுவாருங்கள், வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காசு இல்லாத பிள்ளை எது என்று அன்றைக்கு வகுப்புக்கே தெரிந்துபோகும்.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இந்த மாதிரிப் பயணங்களில் முதலாளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாத்தா காலத்தில் ஆரம்பித்த கதையைச் சொல்வார், பிள்ளைகள் மிட்டாய் எப்போது தருவார்கள் என்று காத்திருப்பார்கள். நீங்கள் பிள்ளைகளை நேராகக் கடலை பொறுக்குகிற அம்மாக்களிடம் கூட்டிப் போங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனியில் முக்கியமான வேலை அதுதான், பாகு மாஸ்டருக்கு இருக்கிற மரியாதை அதற்கு இல்லை என்பது வேறு விஷயம். சுளகில் போட்டுப் புடைத்து, கறுத்தது, சுருங்கியது, பூசணம் பிடித்தது என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறார்களே, ருசிக்காக மட்டும் இல்லை அது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன, என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தீவனமாகப் போட்டிருக்கிறார்கள், அதில் வளர்ந்திருந்த ஒரு பூசணத்தின் நஞ்சு. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பேர் வைத்தார்கள், கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. வறுத்தாலும் போகாத ஒன்றை எப்படித் தடுப்பது? அறுவடையானதும் நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரம் படாமல் வைக்க வேண்டும், அதையும் தாண்டி வருவதைப் பொறுக்கி எறிய வேண்டும். பெரிய கம்பெனிகளில் கேமரா வைத்த மெஷின் பொறுக்கும், இங்கே அந்த அம்மாக்களின் கண். இந்த வான்கோழிக் கதையைச் சொல்லிவிட்டு அவர்கள் முன்னால் பிள்ளைகளை நிறுத்தினால் பார்க்கிற பார்வையே மாறும். நல்ல கடலையையும் தள்ளிய கடலையையும் கலந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டுங்கள், எது எது தள்ள வேண்டியது என்று அவர்களே சொல்லட்டும். அந்தப் புட்டியை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், காரணம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பதம். பாகு மாஸ்டர் தெர்மாமீட்டர் வைத்திருக்க மாட்டார், ஒரு கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டு, அதை ஒடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். முடிந்தால் 200 டிகிரி வரை காட்டுகிற சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் போய் அவரையே பாகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கை சொல்வதும் அளவுகோல் சொல்வதும் எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பார்த்தால், அந்த வயதில் அதைவிடப் பெரிய அறிவியல் பாடம் எனக்குத் தோன்றவில்லை. அதே சொட்டு முன்னாடி எடுத்திருந்தால் உருண்டையாக வந்திருக்கும், இப்போது ஒடிகிறது. என்ன மாறியது? தண்ணீர் குறைந்தது, அவ்வளவுதானே. இதைப் பிள்ளைகள் வாயாலேயே வரவழையுங்கள்.

அந்தத் தண்ணீர் திரும்பவும் உள்ளே வரத் துடிக்கும் என்பதை வகுப்பில் காட்டலாம். ஒரு துண்டைத் திறந்து தட்டிலும் ஒரு துண்டை இறுக்கி மூடிய டப்பாவிலும் வைத்து ஒரு வாரம் விடுங்கள், வெளியே இருக்கிற துண்டு காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துப் பிசுபிசுக்கும், மழைக்காலம் என்றால் ஒரே நாளில். (ஒவ்வாமை இருக்கிற பையன் உள்ள வகுப்பு என்பதால் இதைக் கடலை இல்லாமல், வெறும் வெல்லப் பாகில் செய்த துண்டை வைத்துச் செய்யுங்கள், வீட்டில் நீங்களே காய்ச்சிக் கொண்டுவரலாம்.) இதிலிருந்து பூகோளத்துக்குப் போகலாம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டித் தொழில் ஏன் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது? மழை குறைவு, காற்று வறட்சி, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். மிட்டாய் மொறுமொறுப்பாக நிற்கவும் அதே வறட்சி உதவுகிறது. உங்கள் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் நன்றாகத் தெரியும், அதனால் இது சட்டென்று பிடிபடும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வந்தது. கரிசல் மண்ணில் விளைகிற கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதற்குச் சொல்லப்படுகிற மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். முன்னே கருப்பட்டிப் பாகில்தான் செய்துகொண்டிருந்தார்கள், 1940-களில் பொன்னம்பல நாடார் என்கிற மளிகைக் கடைக்காரர் கரும்பு வெல்லத்துக்கு மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள், முதலாளி இந்தக் கதையை எப்படியும் சொல்லிவிடுவார், நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

மெனக்கெட வேண்டியது லேபிளில். பாக்கெட்டில் சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி அச்சிட வேண்டும் என்பது விதி. கடலை முதலில் வருகிறதா வெல்லம் முதலில் வருகிறதா, லிக்விட் குளுக்கோஸ் என்று எங்காவது இருக்கிறதா (பாகு சர்க்கரையாகப் பூத்துவிடாமல் இருக்கச் சிலர் சேர்ப்பார்கள், தப்பில்லை, ஆனால் அச்சிட்டிருக்க வேண்டும்), தயாரித்த தேதி, நிகர எடை, கடலை இருக்கிறது என்கிற ஒவ்வாமை எச்சரிக்கை, 14 இலக்க எண், பச்சைப் புள்ளி. வெளியே காத்திருக்கிற குழுவுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். காலியான பழைய பாக்கெட்டுகளை வேறு வேறு கம்பெனியிலிருந்து சேர்த்து, கழுவித் துடைத்து எடுத்துப் போனால் ஒப்பிடலாம். வீட்டுக்குப் போய்க் கடையில் வாங்குகிற எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள், பெட்டிக்கடை அண்ணாச்சி உங்களைத் திட்டலாம்.

வேலை செய்கிறவர்களிடம் பிள்ளைகளே கேள்வி கேட்கட்டும். எத்தனை மணிக்கு வருவீர்கள், நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பீர்களா, கை சுட்டிருக்கிறதா, உங்களுக்கு மிட்டாய் பிடிக்குமா என்று. சம்பளம் எவ்வளவு என்றும் ஒருவன் கேட்பான், அதட்டி உட்காரவைக்காதீர்கள், சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். போவதற்கு முன்னால் உங்கள் வகுப்பில் யாருடைய அம்மாவாவது அந்தக் கம்பெனியில் பாக்கெட் போடப் போகிறாரா என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் சில பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும், சில பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், எது என்று தெரியாமல் எல்லார் முன்னாலும் "இதோ இவனோட அம்மா" என்று கைகாட்டிவிட வேண்டாம். திரும்பி வந்ததும் "நான் சென்ற களப்பயணம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் 38 பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரு நிலக்கடலை, மூட்டையிலிருந்து பாக்கெட் வரைக்கும் எந்தெந்தக் கையைத் தொட்டுப் போகிறது என்று படமாக வரையச் சொல்லுங்கள், யார் எதைக் கவனித்தார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெற்றோர் சம்மதக் கடிதம், மேலதிகாரி அனுமதி எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்மதக் கடிதத்தில் மட்டும் "உங்கள் பிள்ளைக்குக் கடலை, பால், முந்திரி, எள் இவற்றில் ஏதாவது தின்று தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் வந்ததுண்டா?" என்று ஒரு வரி சேருங்கள். ஒருவனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியும், இன்னொரு பிள்ளையும் இருக்கலாம். டாக்டர் சீட்டு கையில் வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பால்கோவாப் பக்கம் போவதாக முடிவானால் அந்தக் கடையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன், அங்கே பாகு இல்லை, ஆனால் கொதிக்கிற பால் இருக்கிறது, கோடு போட சாக்பீஸ் அங்கேயும் வேண்டும்.